டிஃபரன்ஷியல்: ஈடுசெய் பல்லிணை

சென்னை மூலக்கடையில், ஜி.என்.டி. சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் என் பழைய அம்பாசிடருக்கு டிஃபரன்ஷியல் மாற்ற வேண்டியிருந்தது. திருப்பத்தில் பின்சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் பல்லமைப்பு அது. அந்தக் காரின் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டது. புதிதைத் தேடி அலைவதைவிட, பழைய வண்டி உதிரிப்பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய்வருவது மேல். அங்கிருந்து வந்த உருப்படி, அடுப்படியில் பல வருடம் கிடந்த கரிச்சட்டிபோல இருந்தது. அதைத் தகரத் தட்டில் வைத்துவிட்டு மேஸ்திரி என்னைப் பார்த்தார். “எழுதுகிறவர்தானே நீங்கள், இதற்குத் தமிழில் என்ன பெயர்?” கணக்குப் புத்தகப் பழக்கத்தில் ‘வகையீடு’ என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை.

டிஃபரன்ஷியல் என்பதன் வேர் லத்தீன். ‘டிஸ்’ என்றால் விலகி, ‘ஃபெர்ரே’ என்றால் சுமந்து செல்லுதல். இரண்டும் சேர்ந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவதைக் குறித்தன. அதிலிருந்து வேறுபாடு என்ற பொருள் வந்தது. கணிதம் இதே சொல்லை எடுத்து வேறு வேலைக்கு வைத்துக்கொண்டது. நம் பாடநூல்களில் வகையிடல், வகைக்கெழு என்று வருபவை அந்தக் கிளையைச் சேர்ந்தவை. காரின் அடியில் இருக்கும் இரும்புக்கும் அவற்றுக்கும் சொல்லளவில்தான் உறவு. நீராவி வண்டிக்காக இந்தப் பல்லமைப்புக்கு 1820களின் இறுதியில் காப்புரிமை பெற்றவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். தொழிலால் கடிகாரம் செய்பவர் என்பதில் வியப்பில்லை.

எந்த வேறுபாடு? கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஜி.என்.டி. சாலையில் ஒரு யூ டர்ன் அடித்தால் வெளிச்சக்கரம் ஏறக்குறைய 4.4 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. வட்டம் பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் டயர்தான் தேய்ந்து சாகும்.

சொல்லை அப்படியே விட்டுவிட்டு அழுக்குக்கு வருகிறேன். இதற்கான தமிழ்ப் பெயர் எனக்குக் கிடைத்ததே அங்கேதான்.

பழைய உருப்படியின் அழுக்கை எடுக்கும் வேலையைப் பலரும் ‘கழுவுதல்’ என்கிறார்கள். கழுவுதல் என்றால் தண்ணீர் நினைவுக்கு வருகிறது. பல்லும் பேரிங்கும் இருக்கிற இடத்தில் தண்ணீருக்கு வேலையே இல்லை. பொருத்தமான சொல் ‘துலக்குதல்’. பித்தளைக் குடத்தைத் துலக்குகிறோமே, அது. துலக்கினால் துலங்கும், மறைந்திருந்தது தெரியவரும். பழைய டிஃபரன்ஷியலைத் துலக்குவதில் பாதி நோக்கம் அதன் கடந்தகாலத்தைத் தெரிந்துகொள்வது.

முதலில் எண்ணெய். வடித்த எண்ணெய் வெறும் கறுப்பாக இருந்தால் வயதானது, அவ்வளவுதான். மாவுபோல மின்னும் சாம்பல் பிசின் வழக்கமான தேய்மானம். கைக்குத் தட்டுப்படும் துண்டு வந்தால் எங்கோ பல் உடைந்திருக்கிறது. காபியில் பால் கலந்த நிறமென்றால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது. மழைக்காலத்தில் வியாசர்பாடிப் பக்கம் கணேசபுரம் சுரங்கப்பாதையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிஃபரன்ஷியலையும் சக்கரத் தண்டுகளான ஆக்சில்களையும் மூடியிருக்கும் ஆக்சில் கூடு ஓடிச் சூடாகி, குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மேலே உள்ள சிறு மூச்சுத்துளை வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் துளை மண்ணால் அடைத்திருந்தால் அதுவும் வம்பு. சூடாகும்போது உள்ளழுத்தம், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் வழியாக வெளியேறப் பார்க்கும். எங்களுக்கு வந்தது வெறும் கறுப்பு. மேஸ்திரியின் முகம் அப்போதுதான் தளர்ந்தது.

மேல்மண்ணைச் சுரண்டி எடுத்த பிறகே பிரித்தார். பேரிங் மூடிகளைக் கழற்றும் முன் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் இடதுபக்கம் ஒரு புள்ளி, வலதுபக்கம் இரண்டு புள்ளி குத்தினார். மூடிகளை அந்தந்த இடத்தில் வைத்தே கடைந்திருப்பார்கள். இடம் மாற்றிப் போட்டால் பேரிங் சரியாக உட்காராது. பிறகு மண்ணெண்ணெய், தூரிகை, பொறுமை. பெட்ரோலை நான் எடுத்து நீட்டியபோது அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத இடமில்லை. பேரிங்கைக் காற்றுக் குழாயால் விசிலடிக்கச் சுழற்றுகிற பையன்களையும் அவருக்குப் பிடிக்காது. எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் உருளைகள் கீறிக்கொள்ளும். துடைக்கப் பனியன் வேஸ்ட்டைத் தொடாமல் நூல் உதிராத துணியை எடுத்தார். துடைத்த கையோடு எண்ணெய் பூசினார். எண்ணூர்க் கடற்காற்றுக்கு வெறும் இரும்பைக் காட்டக் கூடாதாம்.

பிசுக்கு போன பிறகு ஒன்று காட்டினார். இன்ஜினின் சுழற்சியை வாங்கிக்கொள்ளும் பெரிய கிரவுன் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, இரு ஆக்சில்களும் சேரும் பற்சக்கரங்களில் ஒன்றை விரலால் முன்னே தள்ளினார். மற்றது பின்னே சுழன்றது, அதே அளவு. கிரவுன் சுழலும்போதும் இதே நியாயம்தான். அது 100 சுற்று சுற்றினால் ஒரு சக்கரம் 90, மற்றது 110. ஒன்று விட்டதை மற்றது எடுத்துக்கொள்கிறது, கூட்டுத்தொகை மாறுவதில்லை. நேர்சாலையில், நடுவிலுள்ள பினியன் என்ற சிறு பற்சக்கரங்கள் தம் அச்சில் சும்மா இருக்கின்றன. (சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல, வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதும் இதனால்தான். இழுவிசை இருபக்கமும் சமம். ஒருவன் பிடிக்காவிட்டால் அடுத்தவனுக்கும் கூலி கிடையாது.)

இதை விரல்நுனியில் பார்த்தபின் ‘வேறுபாட்டுப் பல்லிணை’ என்ற நேர்மொழிபெயர்ப்பு எனக்குச் சுவைக்கவில்லை. வேறுபாடு விளைவுதான், இந்த உறுப்பு செய்கிற வேலை ஈடுகட்டுவது. ஜெர்மன்காரர்கள் இதன் பெயரை ஈடு, சமன்செய்தல் என்ற பொருள் தரும் ‘அவுஸ்கிளைஷ்’ என்ற சொல்லிலிருந்தே அமைத்திருக்கிறார்கள். தமிழிலும் ‘ஈடுசெய் பல்லிணை’ என்பேன். பல்லும் பல்லும் இணைவதால் பல்லிணை. கியர் என்பதற்கு ஏற்கெனவே புழங்கும் சொல். கிரவுன் சக்கரம் ‘மகுடச் சக்கரம்’ ஆகட்டும். பினியனைப் பினியனாகவே விட்டுவிடலாம். எல்லாவற்றையும் பெயர்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கில்லை.

கட்டுரையில் முதல்முறை இரண்டு சொற்களையும் எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லைத் தொடரலாம். புதுப்பேட்டையில் மட்டும் டிஃபரன்ஷியல் என்றே கேளுங்கள். ‘ஈடுசெய் பல்லிணை ஒன்று கொடுங்கள்’ என்றால் அடகுக்கடைக்கு வழிகாட்டிவிடுவார்கள்.