சிந்திட்: பேர் எங்கேருந்து வந்துச்சு, தமிழ்ல என்ன சொல்றது

ரெண்டாம் உலகப்போர்ல பர்மா காட்டுச் சண்டைன்னு எடுத்தாலே "சிந்திட்"னு ஒரு பிரிட்டிஷ் இந்தியப் படையோட பேர் வரும். நிறைய பேர் அது சிந்த்வின் ஆத்துப் பேர்னு நினைச்சுக்கறாங்க, 1943 பிப்ரவரில அந்த ஆத்தைத் தாண்டித்தான் உள்ள போனாங்க, அதனால பொருத்தமா வேற தோணும், ஆனா அது இல்ல. பர்மாவுல பகோடா வாசல்ல ரெண்டு பக்கமும் சிங்கம் மாதிரி காவலுக்கு உக்காந்திருக்குமே, அதுக்குப் பேர் சிந்தே. வெள்ளைக்காரங்க வாயில பூந்து சிந்திட் ஆயிடுச்சு. இவங்க பேட்ஜ்லயும் அந்த உருவம்தான்.

ஆபீஸ் ரெக்கார்டுல இது 77-வது இந்திய காலாட்படை பிரிகேட், தலைவர் ஓர்ட் விங்கேட். கிட்டத்தட்ட 3,000 பேர், கூட கோவேறு கழுதைங்க, ஜப்பான்காரன் முதுகுக்குப் பின்னாடி போய் வட பர்மாவுல மிட்சினா ஊருக்குப் போற ரயில் பாதையை உடைக்கணும், சாப்பாடு தோட்டா எல்லாம் விமானத்துலேருந்து விழும், நடக்க முடியாத அளவு அடிபட்டவனை அங்கயே விட்டுட்டுத்தான் வரணும். திரும்பி வந்தது 2,182 பேர், அதுலயும் சுமார் 600 பேர் அப்புறம் சண்டைக்கே லாயக்கில்லாம போயிட்டாங்க.

1944 மார்ச்ல ரெண்டாவது தடவை, இந்த முறை பாதிக்கு மேல கிளைடர்லயும் விமானத்துலயும் இறங்கினாங்க. கழுதை கத்தினா எதிரிக்குத் தெரிஞ்சிடும்னு குரல் நாணை அறுத்தே கொண்டு போனாங்க (பாவம் அதுங்க). அந்த மாசமே 24-ம் தேதி விமான விபத்துல விங்கேட் செத்துட்டார், ஆனாலும் ஜூன்ல வட பர்மாவுல மொகாங் ஊரைப் பிடிச்சாங்க. அதே நேரம் இம்பால், கோஹிமா சண்டைங்க நடந்ததால இதை யாரும் பெருசா பேசறதில்ல.

சரி, தமிழ்ல? கொரில்லா படைன்னு எழுதறது எனக்கு சரியாப் படல, இவங்க சம்பளம் வாங்கற ரெகுலர் ஆர்மி. செய்யற வேலையை வச்சுப் பார்த்தா "நெடுந்தூர ஊடுருவல் படை" கச்சிதம். சிந்தேக்கு நம்ம கோயில் யாளி கிட்ட வரும், அதுக்காக யாளிப்படைன்னு எழுதினா யாருக்கும் புரியாது. பேரை அப்படியே சிந்திட்னு வச்சுட்டு முதல் தடவை மட்டும் பக்கத்துல விளக்கம் போட்டுடலாம். "சிண்டிட்"னு ட போடறது இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பார்த்து எழுதறது, பர்மிய உச்சரிப்புக்கு ந்தி-தான் கிட்ட.