ப்ராசஸருக்குப் புழுக்கம் தெரியாது, உப்பு தெரியும்

மே மாதத்தில் பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கமெல்லாம் ஆளை வாட்டுவது வெயிலை விடப் புழுக்கம்தான். வெப்பமானி 34 டிகிரிதான் காட்டும், ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். நம் உடம்பு சூட்டை வெளியே தள்ளுவது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகிறது. சூடு உடம்பிலேயே தங்கிவிடுகிறது.

அதே அறையில் மேசைக்கு அடியில் ஓடும் கம்ப்யூட்டருக்கு இந்தப் புழுக்கம் தெரியாது. அதன் ப்ராசஸர் (கணக்கு வேலையெல்லாம் செய்யும் முதன்மைச் சிப்) மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் உலோகத் தகட்டுக் கட்டான ஹீட் சிங்க் வியர்ப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் 40 சதவீதமோ 85 சதவீதமோ, உலோகத் தகட்டிலிருந்து காற்றுக்குச் சூடு போகும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். காற்று எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பது மட்டுமே கணக்கு. அப்படிப் பார்த்தால், கடற்காற்றால் பகல் சூடு கொஞ்சம் தணியும் பாம்பனில் கம்ப்யூட்டர்கள் ராமநாதபுரம் டவுனை விடச் சுகமாக ஓட வேண்டும். ஆனால் கரையோரக் கடைகளில் இருப்பவைதான் சீக்கிரம் சூடேறி, ஹேங் ஆகி, சர்வீஸுக்கு வருகின்றன. ஏன் என்று புரிய, சூடு எங்கே பிறந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும்.

1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் இருந்தவை சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தை விட்டு நிறுத்தும் நுண் சுவிட்சுகள். இன்றைய சாதாரண லேப்டாப் சிப்பிலேயே பல நூறு கோடி இருக்கின்றன. ஒவ்வொன்றும் அணைந்து எரியும்போது ஒரு துளி மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அந்த ஆற்றல் அப்படியே சூடாகிவிடுகிறது. நொடிக்கு எத்தனை முறை இது நடக்கிறதோ அந்த அளவுக்குச் சூடு கூடும். மின்னழுத்தம் கூடினால் அதன் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடும். அதாவது மின்னழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால் இந்தச் சூடு 19 சதவீதம் குறையும். இது போக, சும்மா இருக்கும் டிரான்சிஸ்டர்களிலும் கொஞ்சம் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கிறது. சிப் சூடாக ஆகக் கசிவும் கூடும், கசிவு கூடக் கூடச் சூடும் ஏறும்.

ஒரு டெஸ்க்டாப் ப்ராசஸர் 100 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். வேறு போக்கிடமே கிடையாது. சிலிக்கன் துண்டின் பரப்போ சுமார் 2 சதுர செ.மீ.தான். அப்படியானால் ஒரு சதுர செ.மீ.க்கு 50 வாட். தனுஷ்கோடி மணலில் உச்சி வெயில் ஒரு சதுர செ.மீ.யில் கொட்டுவது 0.1 வாட் அளவுதான். அதைப் போல 500 மடங்கு.

இந்தச் சூட்டை யாரும் அழிக்க முடியாது, கைமாற்றித்தான் விட முடியும். சிலிக்கனிலிருந்து மேல் மூடிக்கு, மூடியிலிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட் சிங்க்கின் அடிக்கு, அங்கிருந்து குழாய்கள் வழியாகத் தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து காற்றுக்கு, கேபினட் காற்றிலிருந்து அறைக்கு. ஒவ்வொரு கைமாற்றலிலும் ஒரு தடை உண்டு. மொத்தத் தடை வாட்டுக்கு அரை டிகிரி என்றால், 80 வாட் எடுக்கும் ப்ராசஸர் தன்னைச் சுற்றியுள்ள காற்றை விட 40 டிகிரி சூடாக இருக்கும். கேபினட்டுக்குள் 38 டிகிரி என்றால் 78. ஊட்டியில் 18 என்றால் 58. இரண்டுமே பிரச்சினை இல்லாத அளவு. ஆனால் அழுக்குச் சேர்ந்து அந்தத் தடை அரையிலிருந்து முக்காலாக ஏறினால்? 60 டிகிரி கூடுதல், 38ஓடு சேர்த்தால் 98. பெரும்பாலான ப்ராசஸர்கள் 95, 100 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் பட்டென்று அணைந்துவிடும். 'திடீர்னு ஸ்லோ ஆயிடுது' என்று வரும் பல கம்ப்யூட்டர்களில் நடப்பது இதுதான். வைரஸ் என்று சந்தேகப்பட்டு விண்டோஸை மறுபடி போட்டுப் பணத்தை வீணாக்குகிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

பேஸ்ட் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. மூடியும் ஹீட் சிங்க்கும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைந்தவை. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கும். காற்றின் வெப்பம் கடத்தும் திறன் 0.026, செம்புக்கு 400 அளவு. பேஸ்ட் ஏதோ 4 முதல் 10 வரைதான், உலோகத்தோடு ஒப்பிட்டால் மட்டம். ஆனால் அது விரட்டுவது காற்றை. அதனால்தான் மெல்லிசாகப் பூச வேண்டும். தடிமனாக அப்பினால் அதுவே தடையாகிவிடும். வருடங்கள் போகப் போக, சூடேறி ஆறி ஏறி ஆறி, அதிலிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் பிரிந்து ஓரத்துக்கு ஒதுங்கும். நடுவில் காய்ந்த பொடி மிஞ்சும்.

அப்புறம் அந்தச் செம்புக் குழாய்கள். முழுப் பாதையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் தெரியும் அந்தத் தட்டையான குழாய் திடமான கம்பி இல்லை, உள்ளே வெற்றிடம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சிறிதளவு தண்ணீரை விட்டு மூடியிருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாததால் அந்தத் தண்ணீர் 40, 50 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். ப்ராசஸர் பக்கம் ஆவியாகி, குளிர்ந்த தகட்டுப் பக்கம் ஓடி, அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடி நீராகிறது. உட்சுவரில் பொடிச் செம்பாலான நுண்துளைப் படலம் அந்த நீரைத் தானாக உறிஞ்சித் திரும்பக் கொண்டுவருகிறது. பம்ப் கிடையாது, நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய வடிவம் இது.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க இந்த வெப்பநிலையில் சுமார் 2,400 ஜூல் வேண்டும். அதனால் 100 வாட்டைக் கடத்த, நொடிக்கு 0.04 கிராம் நீர் ஆவியானாலே போதும். இது நம் வியர்வை செய்யும் அதே வேலைதான். வியர்வை திறந்த வெளியில் ஆவியாக வேண்டியிருக்கிறது, கடலோரக் காற்று இடம் கொடுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கும் நீருக்கு வெளிக்காற்றோடு எந்தத் தொடர்பும் இல்லை. பாம்பன் புழுக்கம் அதைத் தொடவே முடியாது.

ஆக, குழாய் வரை ஒரு குறையும் இல்லை. தொல்லை எல்லாம் தகடும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான்.

100 வாட் சூட்டை, காற்று 10 டிகிரி மட்டும் ஏறும்படி வெளியேற்ற, நொடிக்கு ஏறக்குறைய 9 லிட்டர் காற்று தகடுகளின் ஊடே போக வேண்டும். காற்று அவ்வளவு லேசான பொருள். ராமேஸ்வரம் விசைப்படகுகளின் இன்ஜினுக்கு இந்தக் கவலை இல்லை, சுற்றிலும் கடல். ஒரே கன அளவில் தண்ணீர் காற்றை விடச் சுமார் 3,500 மடங்கு சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனாலும் கடலுக்கான டீசல் இன்ஜின்கள் பலவற்றில் உப்புத் தண்ணீரை இன்ஜினுக்குள் நேராக விடுவதில்லை. உள்ளே நல்ல தண்ணீர் ஒரு சுற்று, வெளியே கடல் தண்ணீர் ஒரு சுற்று. நடுவில் உலோகச் சுவர், சூடு மட்டும் கைமாறும். மைக்ரோசாஃப்ட் 2018இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளை ஒட்டிய கடலடியில் 864 சர்வர்கள் கொண்ட ஓர் உருளையை இறக்கியபோதும் அதே வழிதான். வெளியே கடல்நீர் குளிர்வித்தது, உள்ளே உலர்ந்த நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். 2020இல் தூக்கிப் பார்த்தபோது, பழுது தரையில் இருந்த சர்வர்களில் ஏற்பட்டதில் எட்டில் ஒரு பங்குதான்.

நம் கடைக் கம்ப்யூட்டருக்கு அந்தச் சுவர் இல்லை. கடற்காற்றை அப்படியே உள்ளே இழுக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலும், வாடைக் காற்று தொடங்கியதும் வடகடலும் நுரைக்கும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகள்களாகப் பறந்து வரும். கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள் இது மிக அதிகம். உள்ளே போகப் போக மளமளவென்று குறைந்துவிடும்.

சாதாரணத் தூசியை ஊதினால் போய்விடும். உப்பு கலந்த தூசி போகாது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். எனவே தகடுகளுக்கு நடுவே படியும் தூசி இங்கே பசை போல ஒட்டி, இறுகி, கம்பளம் மாதிரி அடைத்துக்கொள்கிறது. தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஃபேன் கத்துது தம்பி, பின்னாடி கையை வச்சா காத்தே வரல." இதை விடத் துல்லியமாக நோயைச் சொல்ல முடியாது. ஃபேனில் குறையில்லை, காற்றுக்கு வழிதான் இல்லை.

அடைப்பு ஒரு பக்கம், அரிப்பு இன்னொரு பக்கம். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் உப்புக் கரைசல் படிந்தால் அது ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், பிடிப்பு தளரும், சூடு கடக்காது.

இதில் பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. ஓடும் கம்ப்யூட்டரை விட, மாதக்கணக்கில் மூடி வைத்த கம்ப்யூட்டர்தான் கடலோரத்தில் சீக்கிரம் அரிக்கும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 35 சதவீதமாக இறங்கிவிடும். ஓடும் இயந்திரத்தின் உள்ளே உப்பு பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். அணைந்து ஆறிய இயந்திரத்தில் இரவெல்லாம் ஈரமாக இருக்கும். பள்ளிக்கூட லேப்டாப்போ, வெளிநாட்டில் இருக்கும் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரோ, அவ்வப்போது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள்.

சுத்தம் செய்யும்போது ஊதுவது மட்டும் போதாது என்பது புரிந்திருக்கும். டெஸ்க்டாப் என்றால் ஹீட் சிங்க்கைக் கழற்றி, ஃபேனைத் தனியே எடுத்துவிட்டு, உலோகப் பகுதியை மட்டும் நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவலாம். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் பலனில்லை. கடைசியாக பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முறை அலசிவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும். லேப்டாப்பை இப்படிக் கழுவக் கூடாது, பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்மண் தெரியாமல் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைக் கம்ப்யூட்டர் பக்கம் வைக்கவே வேண்டாம். ஏற்கெனவே ஈரமான காற்றில் அது பெரிதாகக் குளிர்விக்காது, ஈரத்தைத்தான் கூட்டும். ஏசி நல்லது, காற்றை உலர்த்தவும் செய்யும். ஆனால் 22 டிகிரி அறையிலிருந்த லேப்டாப்பைப் புழுக்கமான வெளியில் எடுத்தவுடன் அதன் மேல் நீர் பூக்கும். இந்தக் கரையில் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரியை ஒட்டி இருக்கும் நாட்கள் அதிகம். பையிலேயே அரை மணி வைத்து, வெளிச்சூட்டுக்கு வந்தபின் ஆன் செய்யுங்கள்.

கரையை ஒட்டிக் கடை போடுபவர்கள் புதிதாக வாங்குவதாக இருந்தால், ஃபேனே இல்லாத மினி கம்ப்யூட்டர்களைப் பாருங்கள். படகில் வைக்கும் ஜிபிஎஸ் கருவியில் ஃபேன் இருக்கிறதா? மூடி முத்திரையிட்ட பெட்டி, அதன் வெளி உடம்பு வழியாகவே சூடு போகிறது. உப்பு உள்ளே நுழைய வழியே இல்லை.

வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு செலவில்லாத வழி: சூட்டைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்குங்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டர்போ வேகம் (வேலை கூடும்போது ப்ராசஸர் தானாக ஏற்றிக்கொள்ளும் கூடுதல் வேகம்) அப்போது நின்றுவிடும். டர்போவுக்காக ஏறும் மின்னழுத்தமும் இறங்கும்; அது இருமடிக் கணக்கு என்பதால் வேகம் குறைவதை விடச் சூடு அதிகமாகக் குறையும். சான்றிதழ் பிரிண்ட் எடுக்கும் இ-சேவைக் கடையில் அந்த வேகக் குறைவு தெரியவே தெரியாது. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்கு மட்டும் ரெண்டரிங் முடியக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.