"அவனும் சேர்ந்து சிரிச்சானே!" என்கிறவர்களுக்கு

விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோ நான். இந்த சீசனில் இது மூன்றாவது பையன். குளச்சல் பக்கம் கடற்கரை ஊர், வயது 20, நல்ல கோல்கீப்பர். தொடை பிடிக்கிறது என்று வந்தான். சோதித்துப் பார்த்தால் தசையில் ஒன்றுமில்லை. ஆனால் பயிற்சி முடிந்ததும் நனைந்த ஜெர்சியோடேயே நாகர்கோவிலில் பஸ் ஏறுகிறான். பையில் மாற்றுச் சட்டை மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. "ஏன் மக்களே, மாத்திட்டுப் போகலாம்லா?" என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துச் சொன்னான். டிரெஸ்ஸிங் ரூமில் டவலை உருவி, போனில் படமெடுத்து, டீம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள்.

அவனிடம் கேட்டுக்கொண்டு கோச்சிடம் பேசினேன். "பயலுவ விளையாட்டா பண்ணினது சார். அவனும் சேர்ந்து சிரிச்சானே!"

எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. சிரிக்காமல் என்ன செய்வான்? சுற்றி நின்றவர்கள் எல்லாம் சீனியர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு அவன் பெயர் போவதும் போகாததும் கோச் கையில். முறைத்தால் 'டீமோடு ஒட்டாதவன்' ஆகிவிடுவான். அழுதால் அதையும் படமெடுப்பார்கள். தப்பிக்க அவனிடம் இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

அமெரிக்காவில் 2013இல் மயாமி டால்பின்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் ஜொனாதன் மார்ட்டின் பாதி சீசனில் அணியை விட்டே வெளியேறினார். 130 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆள். துன்புறுத்தியவர்களோடு வெளியே நண்பர் போலத்தான் பழகினார். டெட் வெல்ஸ் என்ற வழக்கறிஞரின் விசாரணை அறிக்கை 2014 பிப்ரவரியில் வந்தது. மூன்று வீரர்கள் அவரைத் தொடர்ந்து துன்புறுத்தியதை அது உறுதி செய்தது. அந்த நட்பை வைத்துக் கொடுமையைத் தள்ளிவிடவில்லை. அதே மூவரிடம் இனவசை கேட்டவர்களில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் உதவி டிரெய்னரும் ஒருவர். பிசியோவாகிய எனக்கு அது தனியாக வலித்தது.

கேலி தாங்கினால் மனசு கெட்டிப்படுமாம். என்னிடம் வருகிற பையன்களுக்குத் தூக்கம்தான் கெட்டிருக்கிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஆண் பெண் யாராக இருந்தாலும், அந்தரங்கத்தை அனுமதியில்லாமல் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி குற்றம். 3 வருடம் வரை சிறை. டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போனே வேண்டாம், வாசலில் ஒரு பெட்டி வையுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால், பையனானாலும் பொண்ணானாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பாயும். தெரிந்தும் போலீசில் சொல்லாத கோச்சும் சிக்குவார். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடலாம்.

பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கப் பெண்களுக்காக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்டேடியத்தையும் விளையாட்டுப் பயிற்சி இடங்களையும் பணியிடம் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகப் புகார் குழு கட்டாயம். இல்லாத இடத்துக்கு மாவட்ட உள்ளூர்க் குழு. புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத முடியாத பெண்ணுக்கு எழுத உதவுவது குழுவின் கடமை.

என் தொழில்காரர்களே, தொடுவதற்கு முன் எங்கே, எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகள் என்றால் இன்னொரு பெரியவர் கூட இருக்கட்டும்.

அப்புறம் தம்பிகளே, அந்தப் படத்தை அவமானத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். போனை அப்படியே கொண்டுபோய்ப் போலீசில் காட்டுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் கூட வருகிறேன்.

அந்தக் கோல்கீப்பர் இப்போது என் சிகிச்சை அறையில்தான் உடை மாற்றுகிறான். தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற சத்தம் வெளியே எனக்குக் கேட்கிறது.