‘போர்’ என்னும் பட்டறைச் சொல்

திருநெல்வேலிச் சீமையில் ‘போர்’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆழ்துளைக் கிணறுதான். வைக்கோல் போரை இங்கே படப்பு என்றே சொல்வதால் அந்தப் பொருள் குறுக்கே வருவதில்லை. ஆனால் லாரிப் பட்டறையில், ‘அண்ணாச்சி, போரு தேஞ்சிட்டு’ என்று மெக்கானிக் சொன்னால், அது பிஸ்டன் ஏறி இறங்கும் துளையின் சுவரைப் பற்றிய பேச்சு.

சண்டையைக் குறிக்கும் ‘போர்’, பொருதல் என்னும் வினையோடு சேர்ந்த தமிழ்ச்சொல். பட்டறைப் ‘போர்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. துளையிடுதலைக் குறித்த ‘போரியன்’ என்னும் பழைய ஆங்கில வினை அதன் மூலம், லத்தீன் ‘ஃபொராரே’ அதற்கு உறவு. ஒலி ஒத்திருப்பதால் இவ்விரண்டையும் ஒரே வேரிலிருந்து வந்தவையாகக் கொள்ளக் கூடாது. பிஸ்டன் ஓடும் சிலிண்டர் என்பதோ உருட்டுதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. நம் பாடநூல்கள் அதை உருளை என்கின்றன. இரு மொழியும் உருளுதலிலிருந்தே பெயரை எடுத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

பட்டறைப் ‘போரை’த் தமிழில் சொல்லத் துளை என்ற சொல் இருக்க, குடைதலையும் நான் வேண்டுவதற்குக் காரணம் உண்டு. வார்ப்பில் ஏற்கெனவே இருக்கும் குழிவை உள்ளிருந்து சீவி வட்டமாக்குவதே இந்த வேலை. ஜான் வில்கின்சன் 1774இல் பீரங்கிகளைக் குடைய ஒரு முறையைக் கண்டு, பிறகு அவ்வழியே ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்கு உருளைகளைத் துல்லியமாகக் குடைந்து கொடுத்தார். கடையநல்லூரை அடுத்த திருமலாபுரத்துப் பாண்டியர் கோயிலைக் குடைவரை என்கிறவர்களுக்கு இச்சொல் அந்நியமாகாது. ஆகவே செயலுக்குக் குடைதல், இடத்துக்கு உருளைத் துளை, அளவுக்கு உள்விட்டம், தேய்ந்த துளையை மீண்டும் குடையும் ‘ரீபோர்’ வேலைக்கு மறுகுடைவு என்று பிரித்து வழங்கலாம். பட்டறையில் ‘போர்’ என்ற ஒரே சொல் இத்தனையையும் சுமக்கிறது.

தேய்வை அளக்கும்போதுதான் இந்தப் பிரிவின் அருமை தெரியும். ஆடிக்காற்று வீசிய நாளொன்றில், திசையன்விளைப் பக்கத்துப் பட்டறையில், உள்விட்டம் 100 மில்லிமீட்டர் உள்ள எஞ்சின் ஒன்றை அளக்கக் கண்டேன். மெக்கானிக், உள்விட்டம் அளக்கும் டயல் போர் கேஜை மைக்ரோமீட்டரில் பூச்சியம் வைத்து, துளைக்குள் இறக்கி, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி, முள் திரும்புகிற மிகக் குறைந்த இடத்தைப் படித்தார். மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் போக்கிலும் அதற்குக் குறுக்காகவும், ஓர் உருளைக்கு ஆறு அளவுகள். கீழே 100.02, மேலே தண்டின் போக்கில் 100.14, குறுக்கே 100.20. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாட்டை ‘டேப்பர்’ என்பார்கள். கூம்பல் என்று சொல்லலாம். ஒரே உயரத்தில் இரு திசைக்குள்ள வேறுபாடு ‘ஓவாலிட்டி’, அதாவது வட்டக் கோணல், இங்கே 0.06.

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளில் மேல் ரிங் திரும்புகிற இடத்தில் அழுத்தமும் சூடும் மிகுதி, எண்ணெய்ப் படலமோ மெலிவு. ஆகவே தேய்வு அங்கேதான் கூடும். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் பக்கச் சுவரில் அழுந்துகிறது. குறுக்களவு பெருகுவது அதனால். ரிங் எட்டாத உச்சியில் தேயாத ஒரு விளிம்பு நிற்கும். அதை நகத்தால் தடவியே உணரலாம்.

உழைத்த ஓட்டத்துக்கு ஏற்பத் தேய்வது தேய்மானம். உரிய காலத்துக்கு முன்பே தேய்வதை முன்தேய்வு என்று தனியே குறிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அதற்குத் தனிக் காரணம் இருக்கும். அந்த வண்டியில் ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலான ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. அதன் உட்புறத்தை விரலால் துடைத்தபோது தேரி என்னும் செம்மணல் மேட்டு மண்ணின் செம்பொடி ஒட்டியது. அது குவார்ட்ஸ் மணல், வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ், அதாவது மூல அளவைவிட அவ்வளவு பெரிய துளை, பத்தாது என்று மெக்கானிக் 0.50க்கு மறுகுடைவு எழுதினார். அதற்கு மேல் வரியில் புதுக் குழாய் ஒன்றையும் எழுதினார்.