இரட்டையரில் யார் உசத்தி?

கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு இரட்டைப் பெண்கள். அச்சு அசல் ஒரே மாதிரி. ஒன்பதாவது படிக்கிறார்கள். கணக்கில் ஒருத்தி 90-க்குக் கீழே இறங்குவதில்லை, இன்னொருத்தி 50-ஐத் தாண்டத் திணறுகிறாள். 'பெரியவளுக்கு அப்பா மூளை, சின்னவளுக்கு அம்மா மூளை' என்கிறார் என் மாமியார். பிறந்ததில் எட்டு நிமிட வித்தியாசம், அதுதான் காரணம் என்கிறார் ஜோசியர். ஜீன் ஒன்றுதான் என்றால் ஒருத்தி உசத்தி, ஒருத்தி மட்டம் என்பது எப்படி? அடுத்த வருடம் இருவரையும் வேறு வேறு செக்ஷனில் போடலாமா?"

ஜோசியரை முதலில் அனுப்பிவிடுவோம். எட்டு நிமிடத்தில் லக்னம் சுமார் இரண்டு பாகை நகரும். அந்த இரண்டு பாகைக்கு 40 மதிப்பெண்ணைப் பறிக்கும் சக்தி இருக்கிறதென்றால், "காலை ஆறு, ஆறரை இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லி எழுதிய ஜாதகங்களை வைத்து எப்படிக் கல்யாணப் பொருத்தம் பார்க்கிறார்கள்?

மாமியார் சொன்னதுதான் சுவாரசியம். பிள்ளைகள் அளவில் அது தப்பு. ஆனால் செல் அளவில், தன்னையறியாமல், அழகான ஓர் உண்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

கருவுற்ற ஒரே முட்டை முதல் சில நாட்களில் இரண்டாகப் பிரிந்தால் ஒரே மாதிரி இரட்டையர். ஆயிரம் பிரசவத்தில் மூன்று, நான்கு இப்படி நடக்கும். அப்பாவிடமிருந்து வந்த பாதி, அம்மாவிடமிருந்து வந்த பாதி, இரண்டுமே இருவருக்கும் ஒன்றுதான். ஐஸ்லாந்தில் 381 இரட்டை ஜோடிகளின் மரபணுவை முழுதாகப் படித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், கருவளர்ச்சியின் தொடக்கத்திலேயே தோன்றிய மாற்றங்கள் ஒரு ஜோடிக்குள் சராசரியாக ஐந்து இடங்களில்தான் வேறுபட்டன. மரபணுவின் முந்நூறு கோடி 'எழுத்து'களில் ஐந்து!

சரி, இப்போது மாமியார் விஷயம். ஜீன்களைச் சுமக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள்: ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. ஆணுக்கு ஒன்றே ஒன்று. இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் பெண்ணின் உடம்பில் எக்ஸ் ஜீன்களின் அளவு இரட்டிப்பாகிவிடும். அதனால் கரு கருப்பையில் ஒட்டும் காலத்தை ஒட்டி, ஒவ்வொரு செல்லும் தன்னிடமுள்ள இரண்டு எக்ஸில் ஒன்றை அணைத்துவிடுகிறது. எதை? அதற்கு விதி கிடையாது. இந்தச் செல் அப்பா எக்ஸை அணைக்கும், பக்கத்துச் செல் அம்மா எக்ஸை அணைக்கும். அணைக்கும் விதம் இன்னும் விசித்திரம். அணையப்போகும் எக்ஸே 'எக்ஸிஸ்ட்' என்ற நீளமான ஆர்.என்.ஏ.வை, அதாவது ஜீனிலிருந்து எடுத்த நகல் இழையைத் தயாரித்துத் தன் மேலேயே போர்த்திக்கொள்கிறது. பிறகு இறுகிச் சுருங்கி, உட்கருவின் ஓரமாக ஒரு புள்ளி போல ஒதுங்கிவிடுகிறது. சில ஜீன்கள் மட்டும் தப்பித்து வேலையைத் தொடரும். ஒருமுறை எடுத்த முடிவை அந்தச் செல் மறப்பதில்லை. அதிலிருந்து பிறக்கும் லட்சக்கணக்கான செல்களும் அதே எக்ஸையே அணைத்து வைத்திருக்கும். ஆக, ஒவ்வொரு பெண்ணின் உடம்பும் அப்பா பக்கத் திட்டு, அம்மா பக்கத் திட்டு என்று கலந்து கிடக்கும் ஓர் ஒட்டுவேலை. 1961-ல் மேரி லயன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, எலிகளின் தோலில் இருந்த நிறத் திட்டுகளைப் பார்த்து இதைச் சொன்னார்.

எலியைத் தேட வேண்டாம், கறுப்பும் ஆரஞ்சும் கலந்த பூனை கண்ணில் பட்டால் போதும். ஆரஞ்சு நிற ஜீன் எக்ஸில் இருக்கிறது. அது அணைந்த இடத்தில் கறுப்பு. அதனால்தான் அப்படிப்பட்ட பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெட்டை. 2001-ல் டெக்சாஸில் இப்படி ஒரு மூவண்ணப் பூனையைக் குளோனிங் செய்தபோது, பிறந்த குட்டியிடம் ஆரஞ்சே இல்லை.

திட்டுகள் சரிபாதியாக விழ வேண்டிய அவசியமும் இல்லை. முடிவெடுக்கும் தருணத்தில் செல்கள் குறைவு என்பதால், அக்காவிடம் 50-50 என்றும் தங்கையிடம் 80-20 என்றும் விழலாம். அம்மா எக்ஸில் நிறக்குருடு ஜீன் இருந்தால், ஒரே மாதிரி இரட்டையரில் ஒருத்திக்குச் சிவப்பும் பச்சையும் தெளிவாகத் தெரிய, மற்றவளுக்குக் குழம்பலாம். இப்படிப்பட்ட ஜோடிகளைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு. அப்பாவும் அம்மாவும் பாரபட்சம் காட்டவில்லை, சூழலும் காட்டவில்லை. வெறும் தற்செயல்.

இதை வைத்து "அப்போ கணக்கு மார்க்குக்கும் இதுதான் காரணமா?" என்று கேட்டால், இல்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஜீன், வளர்ப்பு என்ற இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒன்று கருவிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது, அவ்வளவுதான் இதன் செய்தி.

அப்புறம் என்ன ஆகும் என்பதற்கு 2013-ல் ஜெர்மனியில் செய்த ஒரு சோதனை. ஜீனில் வித்தியாசமே இல்லாத 40 எலிகளைப் பல மாடிகள் கொண்ட ஒரே பெரிய கூண்டில் விட்டு, மூன்று மாதம் ஒவ்வொன்றின் நடமாட்டத்தையும் சிப் வைத்துப் பதிவு செய்தார்கள். தொடக்கத்தில் அற்பமாக இருந்த வித்தியாசம் நாளாக ஆக விரிந்தது. மூலைமுடுக்கெல்லாம் சுற்றிய எலிகளுக்கு, நினைவாற்றலுக்கான மூளைப் பகுதியில் புதிய நரம்புச் செல்கள் அதிகம் முளைத்திருந்தன. பிள்ளைகள் எலிகள் இல்லைதான். ஆனாலும் "இவளுக்குக் கணக்கு வராது" என்று வீட்டில் ஒரு பேச்சு விழுந்துவிட்டால் அந்தப் பெண் எந்த மூலைக்குப் போவாள், எதைத் தவிர்ப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

உசத்தி, மட்டம் விஷயத்தில் உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தயக்கம்தான், குளோன் தேயிலை போட்டவராக இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய துண்டுகள். ஜனவரியில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி, உறைபனியில் அங்குள்ள செடிகள் கருகும். மேட்டுச் செடிகள் பச்சையாக நிற்கும். மார்ச் வறட்சியில் ஈரம் தங்கும் பள்ளத்தில் கொழுந்து எட்டிப்பார்க்கும், மேடு வாடிக் கிடக்கும். எந்தச் செடிக்கு எவ்வளவு கிலோ என்று நிறுக்கலாம். எந்தச் செடி உசத்தி என்று நிறுக்கத் தராசு இல்லை. பெண்கள் விஷயத்திலும், இந்தப் பரீட்சையில், இந்தப் பாடத்தில் யார் கூடுதல் என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்கு மேல் "யார் நல்லவள், யார் மட்டம்" என்பதற்கு அறிவியலில் அலகே கிடையாது.

ஒரு புலம்பல். கூடலூரிலிருந்து மலையிறங்கினால் மலப்புரம் மாவட்டம்; நூற்றுக்கணக்கான இரட்டையர் வாழும் கொடிஞ்ஞி கிராமம் அங்கேதான் இருக்கிறது. ஏன் அங்கே இத்தனை பேர் என்பதற்கு இன்னும் உறுதியான விடை இல்லை. ஸ்வீடன் தன் இரட்டையர் பதிவேட்டை 1950-களின் கடைசியில் தொடங்கி இன்றுவரை நடத்துகிறது. பல வருடம் பொறுமையாகப் பின்தொடரும் இந்த மாதிரி வேலைக்கு நம் ஊரில் பணம் கேட்டால், மூன்றாம் வருடமே "முடிவு எங்கே?" என்பார்கள்.

கடைசியாக, செக்ஷன். பிரிட்டனிலும் கனடாவிலும் இரட்டையர்களைச் சேர்த்தும் பிரித்தும் படிக்கவைத்து ஒப்பிட்டதில், மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதனால் மார்க்குக்காகப் பிரிக்க வேண்டாம். தினம் தினம் ஒப்பிட்டுப் பேசுவதில் சின்னவள் நொந்துபோயிருந்தால் அது வேறு விஷயம். இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். ஒரே வகுப்பில் இருக்கத்தான் பிடிக்கும் என்றால் விட்டுவிடுங்கள்.