பின்சக்கரத்தைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்

போன செவ்வாய்க்கிழமை மழை விட்ட கையோடு ஒரு கப்சாயை, அதாவது நம் சின்ன மோட்டார் சைக்கிளை, லோரியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். பின்சக்கரம் சாய்ந்து மட்கார்டை உரசிக்கொண்டு நின்றது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இடது கை, குலுக்கலைத் தாங்கும் அப்சோர்பர் உட்காரும் இடத்துக்கு இரண்டு விரல்கடை முன்னால், துண்டாகிக் கிடந்தது. வண்டிக்காரர் மகளைத் தமிழ்ப்பள்ளியில் விடப் போன வழியில் நடந்தது. பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு, புத்தகப்பை வாய்க்காலில். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் மெதுவாகப் போனதால் இத்தோடு போயிற்று.

“அண்ணே, போன மாசந்தான் வெல்டிங் வச்சேன். முன்னைவிடக் கெட்டின்னு சொன்னாங்களே” என்றார் அவர். இந்த வருஷம் இதே பேச்சை நான் கேட்பது நான்காவது முறை. அதனால்தான் கையைக் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 28 வருஷமாக மோட்டார் பழுது பார்க்கிறேன். இஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் ஓடி வருவார்கள். இஞ்சினுக்கு ஊற்றும் கறுப்பெண்ணெயைக் கேட்காமலே மாற்றுவார்கள். பின்சக்கரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் அந்த இரண்டு இரும்புக் கைகளைக் குனிந்து பார்த்தவர் மட்டும் குறைவு. சேறு மூடியிருப்பதால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

அந்த உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெல்டிங் வைத்த இடம் முழுசாக, சேதமில்லாமல் இருந்தது. அதை ஒட்டினாற்போல், பென்சிலால் கோடு போட்ட மாதிரி உடைந்திருந்தது. உடைந்த வாயில் முக்கால்வாசி கருஞ்சிவப்பாகப் பழைய துரு. மீதி கால்வாசிதான் பளபளவென்று புது உடைசல். அதாவது அந்தக் கால்வாசி இரும்பின் தயவில்தான் அப்பாவும் மகளும் பல நாள் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறார்கள்.

வெல்டிங் வைத்தால் முன்னைவிடக் கெட்டி என்ற இந்த நம்பிக்கையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. வெல்டிங் என்பது கிழிந்த சட்டைக்குப் போடும் தையல் இல்லை. சூடு பட்ட இடத்தை ஒட்டிய இரும்பின் குணமே மாறிவிடுகிறது. அந்தக் குழாயின் சுவர் 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அதன்மேல் 5 மில்லிமீட்டர் தகட்டை வைத்துச் சுற்றிலும் பற்றவைத்தால், தகடு இருக்கும் இடம் வளையாது, சரி. ஆனால் பள்ளத்தில் இறங்கும் அடி எங்கே போகும்? தகடு முடிகிற ஓரத்தில் போய் உட்காரும். கெட்டியான இடமும் மெல்லிய இடமும் சந்திக்கிற அந்த ஓரத்தில்தான் அடுத்த வெடிப்பு பிறக்கும். அதற்கும் ஒரு தகடு வைத்தால் அதன் ஓரத்தில் இன்னொன்று. நான்கு தகடு வைத்த ஒரு ஆர்ம் என் கடைச் சுவரில் தொங்குகிறது, வந்து பாருங்கள். உள்ளே துருப்பிடித்த குழாய்க்கு வெளியே எவ்வளவு பற்றவைத்தாலும் துருவைத்தான் துருவோடு ஒட்டுகிறீர்கள். போன மாச வெல்டிங்குக்கு அந்த வண்டிக்காரர் கொடுத்தது 30 வெள்ளி (ரிங்கிட்). அந்தக் காசைப் புது ஆர்மில் போட்டிருக்கலாம். வெல்டிங் பட்டறைக்காரரைச் சும்மா திட்டவில்லை. கேட்டை, ஏணியை, தள்ளுவண்டியை அவர் அழகாகத்தான் பற்றவைக்கிறார். மனிதர் உட்கார்ந்து போகும் பாகம் வேறு.

என் அக்கா மகன் கனடாவில் இருக்கிறான். பனியில் ஓட்டும் ஸ்னோமொபைலின் அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பினான். சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை ஓடுகிறது. அதைத் தாங்க இரண்டு நீள அலுமினியத் தண்டவாளம். அடியில் பிளாஸ்டிக் பட்டி, அதற்கு வழுவழுப்புக் கொடுப்பதே பனிதான். பனியில்லாத தரையில் ஓட்டினால் சூடேறி உருகிவிடுமாம். தண்டவாளம் எங்கே வெடித்திருந்தது தெரியுமா? போல்ட் ஓட்டையை ஒட்டி! பனியானாலும் செம்மண்ணானாலும் இரும்பும் அலுமினியமும் விட்டுக்கொடுக்கிற இடம் ஒன்றுதான்: ஓட்டை, வெல்டிங் ஓரம், திடீரென்று வடிவம் மாறும் மூலை. அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, நம் ஊர் விவகாரத்துக்கு வருவோம். அப்பா காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள் சைக்கிளில் பால் தோம்பு கட்டிப் போனார்கள். இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஒரு குலை 10 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். கேரியரில் இரண்டு உர மூட்டை ஏற்றினால் 100 கிலோ. அந்தக் கப்சாயின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான்! பாரத்தைவிட மோசம் அந்த உரம். சிவப்புப் பொட்டாஷ் உப்புக்கு அண்ணன் தம்பி. மூட்டை பொத்து ஒழுகி, மழையில் கரைந்து, ஆர்முக்குள் இறங்கினால் கடற்கரையில் நிறுத்திய வண்டி மாதிரி உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் புதுசாகவே இருக்கும். போன வருஷம் ஒரு வண்டியின் ஆர்ம் அடியில் ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது, பின்னாலேயே சிவப்புத் தண்ணீர் ஒழுகியது. வண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் ஓட்டை போட்டேன் என்று நினைத்திருப்பார்.

இன்னொரு வழக்கம், ஒரு பக்க அப்சோர்பர் எண்ணெய் ஒழுகினால் அதை மட்டும் மாற்றச் சொல்வது. வேண்டாம். ஒன்று செத்தது, ஒன்று உயிருள்ளது என்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆர்ம் துணி பிழிவதுபோல் முறுக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். காசு இல்லை என்றால் சொல்லுங்கள், அடுத்த சம்பளத்துக்குக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒற்றை அப்சோர்பர் உள்ள வண்டி என்றால் அதன் அடிமுனையை ஆர்மோடு பூட்டும் கீழ்க்காதைக் கவனியுங்கள். மொத்த அடியும் அங்கேதான் விழுகிறது.

மாசம் ஒரு தடவை ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். வண்டியைக் கழுவிக் காயவிடுங்கள். டீசல் ஊற்றிக் கழுவாதீர்கள், ஆர்ம் அசையும் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் ஊதிப்போகும், எத்தனை தடவை சொல்வது! நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தை மேல்பக்கம் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் ஓட்டாதீர்கள். ஆடுவது சக்கரத்து பேரிங்காகவும் இருக்கலாம், ஆர்ம் புஷ்ஷாகவும் இருக்கலாம், அதைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. அப்புறம் டார்ச் அடித்து வெல்டிங் ஓரங்களைப் பாருங்கள். பெயிண்டில் தேநீர்க் கறை மாதிரி மெல்லிய கோடு தெரிந்தால் அது கறை இல்லை, வெடிப்பு. ஆர்மின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருந்தால், சேறு அடைத்திருக்கும். பழைய ஸ்போக்ஸ் கம்பியால் குத்தி விடுங்கள். உர மூட்டை ஏற்றிய அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் போகிறவர்கள் இதையாவது கேளுங்கள், தயவுசெய்து. வெல்டிங் வைத்த ஆர்ம் உங்கள் வண்டியில் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை. மாலை 6 மணிக்குள் வாருங்கள், அதற்குமேல் வெளிச்சம் போதாது. சேற்றைக் கழுவிவிட்டு வாருங்கள்.