தேனீக்கு எந்தப் பூ?

மாடித்தோட்டத்துக்குத் தேனீ வரட்டும் என்று நர்சரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கண்ணை நிறைக்கும் பூக்களையே வாங்கி வருகிறார்கள்: அடுக்குச் செம்பருத்தி, கொத்து இதழ் ரோஜா, சிவப்பு இட்லிப்பூ. தேனீயோ இவற்றை விட்டுவிட்டு, ஓரத்துத் தொட்டியில் இருக்கும் துளசிக் கதிரைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அது தேடுவது சாப்பாட்டை. பறக்கத் தேவையான சர்க்கரை பூந்தேனில் கிடைக்கிறது, புழுக்களை வளர்க்கத் தேவையான புரதம் மகரந்தத்தில். இவை பூவில் இருந்தால் மட்டும் போதாது, எட்டவும் வேண்டும்.

அடுக்குப் பூக்களில் முதலுக்கே மோசம். காட்டு ரோஜாக்களில் பெரும்பாலும் 5 இதழ்கள்தான். நடுவில் மகரந்தத்தாள்கள் கற்றையாக நிற்கும். பூ உருவாகும்போது எங்கே இதழ், எங்கே மகரந்தத்தாள் என்பதை முடிவுசெய்பவை சில மரபணுக்கள். மகரந்தத்தாளை உருவாக்கும் மரபணு வேலைசெய்யும் பரப்பு சுருங்கினால், அங்கேயும் இதழே முளைத்துவிடும். ஒரு அடுக்குச் செம்பருத்தியைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் கசங்கிய குட்டி இதழ்கள் இருக்கும். சிலவற்றின் ஓரத்தில் மஞ்சள் மகரந்தப்பை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்; பாதி இதழ், பாதி மகரந்தத்தாள்.

இட்லிப்பூவில் சிக்கல் வேறு. அதன் குழல் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளம்; நம் ஊர் அடுக்குத் தேனீயின் நாக்கு சுமார் 5 மில்லிமீட்டர்தான். போதாததற்குச் சிவப்பு நிறம் தேனீக்குத் தெரியாது. 1914-இல் கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற விலங்கியலாளர் வண்ண அட்டைகளை வைத்து இதைச் சோதித்துக் காட்டினார். சரி, அதற்காக இட்லிப்பூவைப் பிடுங்கவேண்டாம், வண்ணத்துப்பூச்சிக்கு அந்தக் குழல் ஒரு பொருட்டே இல்லை.

தேனீக்கென்றே வைப்பதானால் துளசி, தும்பை, ஒற்றை வரிசை இதழ்ச் செண்டுமல்லி வையுங்கள். கொத்தமல்லியில் கொஞ்சத்தைப் பறிக்காமல் பூக்கவிடுங்கள். அதன் தேன் ஆழமில்லாமல் மேலாகவே இருப்பதால் கொசுத்தேனீக்கும் எட்டும். துளசிக் கதிரை உடனுக்குடன் கிள்ளிவிடும் பழக்கத்தையும் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

எனக்குப் பிடித்தது கத்தரிப்பூ. அதில் தேன் கிடையாது. மகரந்தமும் பைக்குள் பூட்டிக்கிடக்கும். வெளியே வர நுனியில் சிறு துளைகள்தான் வழி. நீலப்பட்டைத் தேனீயோ கருவண்டு போன்ற தச்சுத் தேனீயோ வந்து பூவைக் கவ்விக்கொள்ளும். இறக்கையை விரிக்காமல், பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும். 'ஙீ...' என்று சத்தம் திடீரென்று கீச்சாக ஏறும். உப்புக் குப்பியைக் கவிழ்த்துக் குலுக்கியதுபோல் தூள் அதன் வயிற்றில் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஆவாரம்பூவிலும் இதே கதைதான்.

ஆனால் குலுக்கிய களைப்புக்கு அங்கே ஒரு சொட்டுத் தேன் இல்லையே! அதனால் கத்தரித் தொட்டிக்குப் பக்கத்திலேயே துளசி இருப்பது நல்லது. அப்புறம், நீலப்பட்டைத் தேனீ மண்ணில் துளைபோட்டுத்தான் முட்டையிடும். தரையில் தோட்டம் வைத்திருந்தால் ஒரு மூலையை மூடாக்கு போடாமல், கொத்தாமல் வெறும் மண்ணாக விட்டுவையுங்கள்.